முடிச்சுப் போட்ட கயிறும் சூரிய மோட்டாரும்

எங்கள் கிணற்று மேட்டில் ஒரு நைலான் கயிறு தொங்குகிறது. அடிக்கு ஒரு முடிச்சு, பத்து அடிக்கு ஒரு சிவப்புத் துணி, எடைக்கு நுனியில் ஒரு பழைய பூட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் போடுவதற்கு முன் அதை உள்ளே விடுவேன். பூட்டு தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டதும் கயிறு கைக்குள் தளரும். மேலே இழுத்து, நனைந்த இடம் வரை முடிச்சுகளை எண்ணி, மகளிடம் சொல்வேன். அவள் நோட்டில் எழுதுவாள். சூரிய மின்சாரத்தைப் பற்றிக் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் இந்தக் கயிற்றைத்தான் காட்டுகிறேன். பேனல்களைக் காட்டுவது அதற்குப் பிறகு.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பக்கம் எங்கள் ஊர். வீட்டிலும் கோயிலிலும் சந்தையிலும் தமிழ். நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு, இருநூற்று எண்பது மரம், எண்பதடிக் கிணறு, ஐந்து எச்.பி. மோட்டார். கேரளம் என்றதும் பலருக்கு மழைதான் நினைவுக்கு வரும். மாநிலத்தின் ஆண்டுச் சராசரி 3000 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. எங்கள் கிழக்குப் பகுதியிலோ அதில் மூன்றில் ஒரு பங்கு பெய்தால் நல்ல வருடம் என்போம். தமிழ்நாட்டோடு செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். 1970-ல் கையெழுத்தான ஒப்பந்தம் அது. அந்தத் தண்ணீர் சித்தூர்ப்புழைப் பாசன வயல்களுக்குப் போகிறது. கால்வாய் எட்டாத எங்களுக்குக் கிணறுதான் கதி.

2016-ல் இரண்டு பருவமழையும் பொய்த்தன. அக்டோபர் கடைசியில் கேரள அரசு பதினான்கு மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. 2017 கோடையில் எங்கள் கிணற்றின் அடிப்பாறை தெரிந்தது. அப்பா உயிரோடு இருந்தார். கட்டிலை வாசலில் போடச் சொல்லி, மரங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். கடன் வாங்கி அறுநூறு அடி ஆழ்துளைக் கிணறு போட்டேன். விடிய விடிய ஓடிய லாரி மண்ணையும் புகையையும் மட்டும் கக்கிவிட்டுப் போனது. பத்தொன்பது மரங்கள் பட்டுப்போயின. நட்டவர் அப்பா, வெட்டச் சொன்னவன் நான்.

பிளாச்சிமடை எங்கள் ஊரிலிருந்து தொலைவில்லை. குளிர்பான ஆலை கிணறுகளை வற்றடித்துக் கெடுக்கிறது என்று 2002-ல் மயிலம்மாவும் பழங்குடிப் பெண்களும் ஆலை வாசலில் உட்கார்ந்தபோது நானும் போய் நின்றிருக்கிறேன். 2004-ல் ஆலை நின்றது. நிலத்தடி நீர் எல்லோருடைய சொத்து என்று அன்று தொண்டை வறளக் கத்திய பிள்ளைகள் நாங்கள். ஆனால் எங்கள் தோப்புகளில் எத்தனை மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று யாரும் எண்ணவில்லை. இதைச் சொன்னால் போராட்டத்தைக் குறைத்துப் பேசுவதாக ஆகாது. மயிலம்மா கேட்ட கேள்வி சரியானது என்பதால்தான் அதை என் கிணற்று மேட்டிலும் கேட்க வேண்டியிருக்கிறது.

சூரிய மின்சாரம் எங்கள் பக்கம் பேச்சாக வந்தது பி.எம். குசும் திட்டத்தால். 2019-ல் ஒன்றிய அரசு தொடங்கிய இந்தத் திட்டத்தில் மூன்று பிரிவுகள் உண்டு. முதலாவது, தரிசு நிலத்தில் சிறு மின் நிலையங்கள். இரண்டாவது, மின் கம்பியோடு தொடர்பில்லாமல் தனியே ஓடும் சூரிய மோட்டார். மூன்றாவது, ஏற்கெனவே மின் இணைப்புள்ள மோட்டாருக்குப் பேனல் வைத்து, மிஞ்சும் மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி விற்பது. கடைசி இரண்டுக்கும் பொதுவான கணக்கு ஒன்றுதான்: ஒன்றிய அரசு முப்பது சதவீதம், மாநில அரசு முப்பது சதவீதம், மீதி விவசாயி. கேரளத்தில் இதைக் கவனிப்பது அனெர்ட் என்ற மாநில அரசின் மரபுசாரா எரிசக்தி முகமை. நான் எடுத்தது மூன்றாவது பிரிவு, ஐந்து கிலோவாட். மோட்டார் திறனைப் போல இரண்டு மடங்கு வரை பேனல் வைக்க விதி இடம் தருகிறது. எனக்கு நிழல் விழாத இடம் அவ்வளவுதான் இருந்தது.

என் அக்கா வீட்டுக்காரர் எல்லையிலுள்ள கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி வட்டாரத்தில் தோப்பு வைத்திருக்கிறார். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எல்லா விவசாயிகளுக்கும் இலவசம். ஆனால் புது இணைப்புக்குக் காத்திருக்க வேண்டும். மச்சான் காத்திருந்து சலித்து, இரண்டாவது பிரிவில் தனிச் சூரிய மோட்டார் போட்டார். என் பக்கம் சிறு விவசாயிகளின் பாசன மின்கட்டணத்தைக் கிருஷி பவன் என்ற ஊர் வேளாண் அலுவலகம் வழியாக வேளாண்துறையே ஏற்கிறது. ஆக இரண்டு மாநிலத்திலும் தண்ணீர் இறைக்க எங்கள் பையிலிருந்து காசு போவதில்லை. இந்த நிலைமைக்கு மேல்தான் சூரிய மோட்டார் வந்து உட்காருகிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் இந்தத் திட்டத்தின் நல்லது கெட்டதைப் பேச முடியாது.

மச்சானின் மோட்டார் காலை எட்டரைக்கு முனக ஆரம்பித்தால் மாலை நாலரை வரை ஓடும். முதல் வருடம் அவர் தோப்பில் கால் வைத்தால் சேறு. வட்டப்பாத்தி நிறைந்து வரப்பு வழிந்தது.

"கொஞ்சம் நிறுத்தக் கூடாதா மச்சான்?" என்றேன்.

"சூரியன் சும்மா கொடுக்கிறான் மாப்பிள்ளை. நிறுத்தினால் யாருக்கு லாபம்?" என்றார்.

அவரிடம் பதில் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மின்சாரமாகக் கிடைக்கும் வெயிலைச் சேர்த்துவைக்க அவருக்கு வழியில்லை, விற்கவும் வழியில்லை. தண்ணீராக மாற்றினால்தான் அது கண்ணில் தெரியும். இரண்டாவது கோடையில் அவர் கிணறு ஏப்ரலிலேயே தரைதட்டியது.

நான் யோக்கியமாக நடந்தேன் என்று சொல்ல மாட்டேன். என் பேனல்கள் ஏறியது 2022 டிசம்பரில். போக வர இரண்டு பக்கமும் அளக்கும் மீட்டர் ஓடத் தொடங்கியது 2023 ஆகஸ்டில். இடைப்பட்ட எட்டு மாதமும் ஒரு அலுவலகத்துக்கும் நிறுவிய நிறுவனத்துக்கும் நடந்து செருப்பு தேய்ந்தது. விற்க வழியில்லாத அந்தக் கோடையில் மச்சான் செய்ததையே நானும் செய்தேன். 2023 மே மாதக் கடைசி வாரத்தில் நோட்டில் இருக்கும் எண் 76. எண்பதடிக் கிணற்றில் நாலடித் தண்ணீர். மகள் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவைத்திருக்கிறாள்.

மீட்டர் வந்ததும் மனம் மாறியதா, கணக்கு மாறியதா என்று கேட்டால், கணக்கு மாறியது. ஐந்து கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் சுமார் இருபது யூனிட் தருகிறது. மோட்டார் மணிக்கு நான்கு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் குடிக்கிறது. வாய்க்கால் பாய்ச்சலில் நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால் எல்லாம் அதற்கே சரி. சொட்டுநீர் போட்டேன். கோடையில் மரத்துக்கு நாளுக்கு ஐம்பது லிட்டர் என்று வைத்தால் மொத்தத் தோப்புக்கும் பதினாலாயிரம் லிட்டர். ஒரு மணி நேரமும் கொஞ்சமும் போதும். ஐந்து யூனிட் போக மிச்சம் பதினைந்து யூனிட் கம்பிக்குப் போகிறது. மோட்டாரை நிறுத்தும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு விலை வந்தது. என் நாற்பது வயது வரை, நிறுத்தியதற்காக யாரும் எனக்கு ஒரு காசு கொடுத்ததில்லை.

குஜராத்தில் கேடா மாவட்டத்துத் துண்டி கிராமத்தில் 2016-லேயே சில விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, சூரியப் பாசனத்தில் மிஞ்சும் மின்சாரத்தை விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். வெயிலையும் ஒரு விளைச்சலாக எண்ணி விற்றால் கிணறு தப்பும் என்ற யோசனை அது. எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி வந்து சேர இத்தனை காலம் ஆனதில் எனக்கு வருத்தம் உண்டு.

சொட்டுநீர்க் குழாய் மட்டும் போதும் என்று எண்ணி யாரும் இறங்க வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் பாதிக் குழாய்கள் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டன. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. வடிகட்டியை வாரம் ஒரு முறை கழற்றி அலசுகிறேன். குழாய் முனைகளைத் திறந்துவிட்டு மாதம் ஒரு முறை வேகமாகத் தண்ணீர் விடுகிறேன். மரத்தைச் சுற்றி உரிமட்டையைக் கவிழ்த்து அடுக்கி, மேலே காய்ந்த ஓலையைப் போட்டு மூடாக்கு அமைத்ததில்தான் பெரிய வித்தியாசம் தெரிந்தது. வெயில் ஏறிய பிறகு மட்டையைத் தூக்கிப் பார்த்தால் கீழே மண் கறுத்து, கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், மண்புழு நெளியும். மூடாக்கு இல்லாத மரத்தடியில் அதே நேரத்தில் மண் சாம்பல் நிறமாக வெடித்துக் கிடக்கும்.

பேனல் வைக்கும்போது நான் செய்த பிழைகளைச் சொல்லிவிடுகிறேன். முதல் பிழை நிழல். டிசம்பரில் அளந்தபோது இடம் திறந்தவெளியாகத்தான் இருந்தது. ஏப்ரலில் வெயில் தலைக்கு மேல் வந்ததும் பக்கத்து மரத்தின் ஒரே ஒரு மட்டை காலை பத்து மணி வரை ஒரு பேனலின் மூலையில் விழுந்தது. பேனல்கள் வரிசையாக ஒன்றோடொன்று இணைந்தவை. ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் அந்த வரிசையே சோர்ந்துவிடும். எனக்கு இது தெரியாது. நிறுவ வந்தவர்கள் சொல்லவும் இல்லை. அந்த மட்டையை வெட்டிய அன்றே வித்தியாசம் தெரிந்தது. வருடத்தில் இரண்டு பருவத்தில் நிழலைப் பார்த்துவிட்டு இடம் முடிவு செய்யுங்கள். தென்னை வளரும் மரம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது, மின்சாரம் போனால் சூரிய மின்சாரமும் நின்றுவிடும். கம்பியோடு இணைத்த இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் இல்லையென்றால் தானே அணைந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்கு ஆபத்து. காரணம் நியாயமானது. ஆனால் உச்சி வெயிலில் தலைக்கு மேல் பேனல் மின்ன, மோட்டார் ஓடாமல் நிற்பதைப் பார்த்த முதல் நாள் ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். கம்பியில் மின்னழுத்தம் கூடினாலும் இன்வெர்ட்டர் நிற்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் பல பேர் பேனல் வைத்து, நண்பகலில் யாரும் மோட்டார் ஓட்டாவிட்டால் இது நடக்கும். உங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் திறன் என்ன, அதில் ஏற்கெனவே எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள் என்று கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெயில் கூடினால் மின்சாரம் கூடும் என்று நினைத்திருந்தேன். பேனல் சூடேறினால் திறன் குறைகிறது. 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டி, வெப்ப அலை எச்சரிக்கை வந்தது. அந்த வாரத்தில் என் பேனல்கள் பிப்ரவரியைவிடக் குறைவாகத் தந்தன. காலையில் வெயில் ஏறும் முன் நல்ல தண்ணீரில் துடைக்கிறேன். மதியம் சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது. கிணற்று உப்புத் தண்ணீரில் கழுவினால் வெள்ளைத் திட்டு படியும். அதனால் மழைத் தண்ணீர் பிடித்துவைக்கிறேன். இடிதாங்கியின் நிலக்குழி கோடையில் காய்ந்துவிடாமல் வாரம் ஒரு குடம் ஊற்றுவது மகளின் வேலை. எங்கள் பக்கம் சித்திரை இடி மோசமானது.

ஒப்பந்தத்தின் மொழி எங்கள் ஊருக்கே உரிய சிக்கல். நிறுவனத்தின் பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தது. விளக்கியவர் மலையாளத்தில் வேகமாகச் சொன்னார். எனக்கு மலையாளம் பேச வரும். பேசுவது வேறு, ஐந்தாண்டுப் பராமரிப்பில் எது அடங்கும் எது அடங்காது என்பதை நுணுக்கமாகப் படிப்பது வேறு. பிறகுதான் தெரிந்தது: 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு அரசோடு தங்கள் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த உரிமை தருகிறது. மீட்டர் தாமதமானபோது மூன்று மனுக்களை மலையாளத்தில் பிறரை எழுதவைத்துக் கொடுத்தேன். நான்காவதைத் தமிழில் நானே எழுதினேன். எந்தத் தேதியில் யாரைப் பார்த்தேன், என்ன சொன்னார்கள் என்று வரிசையாக. அதற்குத்தான் எழுத்தில் பதில் வந்தது. நம் சொல்லில் எழுதினால் விவரம் தவறாமல் வரும்.

இத்தனையும் பார்த்த பிறகு அரசின் கொள்கைகளை நான் வேறு கண்ணோடு படிக்கிறேன். இந்தியா 2008-ல் வெளியிட்ட காலநிலை மாற்றத் தேசியச் செயல்திட்டத்தில் எட்டு இயக்கங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று சூரிய ஆற்றல், இன்னொன்று தண்ணீர். தண்ணீர் இயக்கத்தின் குறிக்கோள்களில் ஒன்று, நீரைப் பயன்படுத்தும் திறனை 20 சதவீதம் உயர்த்துவது. சூரிய இயக்கம் வெற்றி பெற்றது. 2025 ஜூனில் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் பாதி, நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் அல்லாத வழிகளிலிருந்து என்ற நிலை வந்துவிட்டது. 2030-க்கு வைத்த இலக்கு அது. ஐந்தாண்டு முன்னதாகவே எட்டினோம். எனக்கு அதில் பெருமை உண்டு. என் தோப்பின் ஐந்து கிலோவாட்டும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. தண்ணீர் இயக்கத்தின் பெயரை எங்கள் ஊரில் கேட்டால் யாருக்கும் தெரியாது. உலகிலேயே மிக அதிகமாக நிலத்தடி நீர் எடுக்கும் நாடு நம்முடையது. எடுப்பதில் 85 சதவீதத்துக்கும் மேல் பாசனத்துக்குப் போகிறது. தாளில் இரண்டு தலைப்பாக இருந்தவை என் கிணற்றில் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

வளரும் நாட்டின் விவசாயியிடம் புகையைக் குறை என்று சொல்ல உலகத்துக்கு என்ன உரிமை என்று என் நண்பர்கள் கேட்பார்கள். தலைக்கணக்கில் பார்த்தால் இந்தியரின் கரிமப் புகை உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் அளவு வேறு வேறு என்று 1992-ல் ரியோவில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. அந்த நியாயத்தை நான் விடமாட்டேன். ஆனால் கிணற்றின் விஷயத்தில் அந்த நியாயம் எனக்குத் துணைக்கு வராது. 2017-ல் அடிப்பாறை தெரிந்தபோது எந்த வளர்ந்த நாடும் வந்து இறைத்துக்கொண்டு போகவில்லை.

அதனால் என் கோரிக்கை எளிமையானது. நிலத்தடி நீர் குறைந்த வட்டாரங்களில் மானியம் தரும்போது, கம்பியோடு இணைந்த மூன்றாவது பிரிவுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். கம்பி எட்டாத இடத்தில் தனி மோட்டார் கொடுத்தால், அதே இன்வெர்ட்டரில் மாவரைக்கவும் தீவனம் நறுக்கவும் வசதி செய்து கொடுக்க வேண்டும். அப்போதுதான் வெயிலுக்கு வேறு வேலை இருக்கும். சொட்டுநீர் போடாமல் பேனல் ஏறக் கூடாது. விற்ற மின்சாரத்துக்கான காசு சொன்ன தேதியில் கணக்கில் விழ வேண்டும். காசு தாமதமானால் விவசாயி மறுபடி மோட்டாரைத்தான் போடுவான். நானே செய்தவன் என்பதால் சொல்கிறேன்.

2024 மே கடைசியில் நோட்டில் எண் 69. முந்தைய வருடத்தைவிட ஏழடி மேலே. 2023 தென்மேற்குப் பருவத்தில் கேரளத்துக்கு வழக்கமான மழையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தும் இந்த நிலை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை கைகொடுத்தது என்பதையும், நூறு நாள் வேலைத் திட்டத்தில் மேட்டுப் பக்கம் வெட்டிய மழைக்குழிகள் இரண்டு முறை நிரம்பியதையும் மறைக்க மாட்டேன். ஏழடியில் எத்தனை அடி என் மோட்டார் நின்றதால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் வரப்புக்கு அந்தப் பக்கம் மூன்று மோட்டார்கள் அதே ஊற்றிலிருந்து இறைக்கின்றன. நான் நிறுத்தினால் மிச்சமாகும் தண்ணீர் அவர்கள் பக்கம் போகலாம்.

மச்சான் போன பொங்கலுக்கு வந்திருந்தபோது மகளின் நோட்டை வாங்கி நெடுநேரம் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு கிணற்று மேட்டுக்குப் போய்க் கயிற்றைக் கையில் எடுத்து, ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் இடையில் முழம் போட்டுப் பார்த்தார்.

"அடி சரியாக இருக்கிறதா மாப்பிள்ளை?"

"டேப் வைத்து அளந்ததுதான் மச்சான்."

ஊருக்குத் திரும்பும் வழியில் கொழிஞ்சாம்பாறைக் கடையில் நிறுத்தச் சொல்லி, நூறடி நைலான் கயிறு வாங்கினார். வரப்புக்கு அந்தப் பக்கத்து மூன்று பேரில் ஒருவர் வீட்டில் இந்த மாதம் பேனல் ஏறப்போகிறது. அவருக்காகத் தமிழில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்: டிரான்ஸ்ஃபார்மரின் திறன் எவ்வளவு, மீட்டர் எந்தத் தேதிக்குள் வரும்.